வேண்டுகோள் கடிதத்தில் பார்கோடு: டிரஸ்ட் அலுவலகத்தில் உண்மையிலேயே வேலை குறையுமா?

#1 மலைக்கோட்டைவாசி (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறிய அறக்கட்டளை அலுவலகத்தில் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் பார்த்துக்கொள்கிறேன். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுவதுதான் எங்கள் வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜூனிலும் தீபாவளிக்கு முன்பும், நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு வேண்டுகோள் கடிதம் போகிறது. பணம் செக்காக வரும், யுபிஐயில் வரும், நெஃப்ட் வங்கிப் பரிமாற்றத்தில் வரும். தொண்டர்கள் ரசீது புக்கோடு போய் ரொக்கமாகவும் வாங்கி வருவார்கள்.

தலைவலி வருவது பணம் வந்த பிறகுதான். வங்கி ஸ்டேட்மென்டில் யுபிஐ என்று போட்டு, ஒரு பன்னிரண்டு இலக்க எண், அதன் பின்னால் "ராஜேந்" என்று பாதியில் வெட்டிய பெயர். எங்கள் பட்டியலில் ராஜேந்திரன்கள் முப்பது பேராவது இருப்பார்கள். செக் அனுப்புகிறவர்களில் பலர் வெறும் செக்கை மட்டும் உறையில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். யார் கொடுத்தது என்று தேடி, ரசீது போட்டு, ஏப்ரல் மே வந்தால் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் 10பிடி படிவத்துக்கு மறுபடி பான் எண்ணைச் சரிபார்த்து... இதற்கே இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

எங்கள் கமிட்டியில் ஒருவர் சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறார். "கடிதத்திலேயே பார்கோடு அடித்துவிடுங்கம்மா, திரும்பி வந்ததும் பில் போடுகிற மாதிரி ஒரு தட்டு தட்டினால் ஆள் யாரென்று வந்துவிடும்" என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? தனி மென்பொருள் வாங்க வேண்டுமா? எங்களிடம் இருப்பது எக்செல்லும் டாலி கணக்கு மென்பொருளும் மட்டும்.

#2 ஆடிட்டர் ஆபீஸ் (சென்னை)

மேடம், பார்கோடு பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். எதற்காக அது தேவைப்படுகிறது என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். பழைய பிரிவு எண்களிலேயே பேசுகிறேன், எல்லோர் வாயிலும் அதுதான் இருக்கிறது. 2025 வருமான வரிச் சட்டத்தில் எண்கள் மாறுகின்றன.

முன்பெல்லாம் வரிக் கழிவு கேட்க உதவும் 80ஜி ரசீதைக் கொடையாளர் கையில் கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்தது. 2021-22 நிதியாண்டிலிருந்து அப்படி இல்லை. யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நாமே வருமான வரித் துறைக்கு 10பிடி படிவத்தில் மே 31க்குள் சொல்ல வேண்டும். பெயர், முகவரி, பான் அல்லது வேறு அடையாள எண், தொகை, பணம் வந்த வழி எல்லாம் ஆளுக்கு ஒரு வரியாகப் படிவத்தில் எழுத வேண்டும். தாக்கல் செய்த பிறகுதான் 10பிஇ சான்றிதழை இறக்கிக் கொடுக்க முடியும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். கொடையாளருக்குக் கழிவு கிடைப்பது இப்போது நாம் ஏற்றும் அந்த ஒரு வரியை நம்பித்தான்.

இன்னொன்று. யார் கொடுத்தார் என்றே தெரியாமல் கணக்கில் கிடக்கும் பணம் பெயரில்லா நன்கொடை ஆகிவிடும். மொத்த நன்கொடையில் 5 சதவீதம், 1 லட்சம் ரூபாய், இந்த இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால் மிச்சத்துக்கு 30 சதவீதம் வரி. முழுக்க மதம் சார்ந்த அறக்கட்டளைகளுக்கு விலக்கு உண்டு, உங்களுக்கு இல்லை.

ஆக உங்களுக்கு வேண்டியது வேகம் இல்லை. பணத்தோடு ஆளைச் சேர்த்துக் கட்ட ஒரு கயிறு வேண்டும். பார்கோடு அதைச் செய்யுமா என்பதுதான் கேள்வி.

#3 நிரலன் (கோவை)

செய்யும், கோடு அடித்த காகிதம் உங்களிடம் திரும்பி வந்தால்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். மென்பொருள் எதுவும் தேவையில்லை. யுஎஸ்பி ஸ்கேனர் என்பது கணினியைப் பொறுத்தவரை இன்னொரு கீபோர்டு, அவ்வளவுதான். கோட்டைப் படித்ததும் அந்த எண்ணைத் தானே தட்டச்சு செய்துவிட்டுக் கடைசியில் எண்டரையும் அழுத்தும். எக்செல்லில் கர்சரை ஒரு கட்டத்தில் வைத்துவிட்டு அடித்துக்கொண்டே போகலாம், ஒவ்வொரு எண்ணும் அடுத்தடுத்த வரியில் விழும். பக்கத்துக் கட்டத்தில், பட்டியலில் தேடி எடுக்கிற விலுக்கப் சூத்திரம் போட்டுவைத்தால் பெயர், முகவரி, பான் எல்லாம் தானாக வந்து நிற்கும். கோடு அச்சடிக்க இலவச எழுத்துருவே கிடைக்கிறது. கூகுள் எழுத்துருக்களில் லிப்ரே பார்கோடு என்று தேடுங்கள், ஒரே கடிதத்தை ஆளுக்கு ஆள் விவரம் மாற்றி அச்சடிக்கிற மெயில் மெர்ஜில் அப்படியே போடலாம்.

எந்த வகைக் கோடு? கோட் 39 சுலபம், எண்ணின் இரு பக்கமும் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும். ஆனால் இடத்தை அடைக்கும். எண்கள் மட்டும் என்றால் கோட் 128 நல்லது, இரண்டிரண்டு இலக்கமாகச் சுருக்கிவிடும். அதனால் இலக்கங்களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதில் சரிபார்ப்புக் குறியை எண்ணிலிருந்து கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும், எழுத்துருவை மாற்றினால் மட்டும் போதாது. அதற்கு எக்செல்லுக்குள் ஓடுகிற ஒரு சின்ன நிரல் (மேக்ரோ) தேவைப்படும், தருகிறேன்.

தமிழ்க்காரர்களுக்கென்றே ஒரு வம்பு உண்டு. ஸ்கேனர் கீபோர்டு மாதிரி நடிக்கிறது என்றேன் அல்லவா? அந்த நேரத்தில் கணினியில் தமிழ்99 விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தால், கோட்டில் இருக்கும் ஆங்கில எழுத்தெல்லாம் தமிழ் எழுத்தாக மாறி விழும். "டிஎன்" என்று ஆங்கிலத்தில் முன்னொட்டு வைத்த கொடையாளர் எண்கள் எல்லாம் கன்னாபின்னாவென்று வரும். எண்கள் மட்டும் வைத்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது.

எக்செல்லிலும் ஒரு குழி இருக்கிறது. அந்த நெடுவரிசையை முன்கூட்டியே டெக்ஸ்ட் என்று மாற்றிவையுங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள சுழியங்களை விழுங்கிவிடும், 15 இலக்கத்தைத் தாண்டினால் மிச்சத்தைச் சுழியமாக்கிவிடும்.

#4 பழைய தொண்டர் (மதுரை)

நான் கொஞ்சம் வேறு மாதிரி பேசுகிறேன், கோபிக்க வேண்டாம்.

வேண்டுகோள் கடிதம் என்றால் ஒரு மனுஷர் இன்னொரு மனுஷருக்கு எழுதுவது. அதில் கோடு கோடாக அச்சடித்தால் கரண்ட் பில் வந்த மாதிரி இருக்கும். எங்கள் பழைய கொடையாளர்கள் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். "நம்மை எண்ணாக்கிவிட்டார்களே" என்று நினைப்பார்கள். முன்பெல்லாம் ரசீதின் கீழ் செயலாளர் பேனாவால் ஒரு வரி எழுதுவார், "தங்கள் பேத்தி நலமா?" என்று. அந்த ஒரு வரிக்காகவே மறு வருஷம் பணம் வரும்.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் கோடு போட்டு என்ன பயன்? கடிதம் அவர் வீட்டில் தங்கிவிடும். திரும்பி வருவது செக் மட்டும்தானே?

#5 நிரலன் (கோவை)

ஐயா கடைசியில் கேட்டதுதான் சரியான கேள்வி. கோடு கடிதத்தில் இருக்கக் கூடாது. கிழித்து அனுப்பும் கூப்பனில் இருக்க வேண்டும்.

#6 பழைய தொண்டர் (மதுரை)

கூப்பனை யார் தம்பி கிழித்து அனுப்புகிறார்கள்? பத்துப் பேரில் நாலு பேர் அனுப்பினால் அதிகம். உறையைத்தான் எல்லோரும் அனுப்பியாக வேண்டும். எண்ணை நாம் வைத்து அனுப்பும் பதில் உறையில் போடுங்கள்.

#7 மலைக்கோட்டைவாசி (திருச்சி)

இது எனக்குத் தோன்றவே இல்லை ஐயா! சுயமுகவரி உறை ஒவ்வொரு கடிதத்தோடும் வைக்கிறோம். செக் அனுப்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த உறையில்தான் அனுப்புகிறார்கள்.

#8 லேபிள் கடை (சிவகாசி)

அச்சு வேலைக்காரன் சொல்கிறேன், உறையில் போடுவது நல்ல யோசனை. ஆனால் முன்பக்கம் வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் தபால் துறையே அங்கே தன் பார்கோடு ஸ்டிக்கரை ஒட்டும், இரண்டு கோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் உங்கள் ஸ்கேனர் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. பின்பக்கம், மடிப்பு நாக்குக்குக் கீழே போடுங்கள். பசை ஒட்டும் இடத்தில் வேண்டாம், பிரிக்கும்போது கிழிந்துவிடும். ஒவ்வொரு உறையிலும் எண் மாறும் என்பதால் ஆஃப்செட்டில் ஆகாது. உறையை ஆஃப்செட்டில் அடித்துவிட்டு, எண்ணை மட்டும் லேபிளாக ஒட்டலாம், அல்லது லேசர் பிரிண்டரில் தனியாக ஓட்டலாம்.

அளவு சொல்கிறேன். மிக மெல்லிய கோடு 0.33 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பத்து இலக்கத்துக்குக் கோட் 128 சுமார் 30 மில்லிமீட்டர் வரும். இரண்டு பக்கமும் மூன்றரை மில்லிமீட்டராவது வெற்றிடம் விட வேண்டும். ஆர்டிஸ்டுகள் அழகுக்காக இந்த இடத்தில் கட்டம் போட்டுவிடுவார்கள், கோடு படிக்காது. "மெஷின் சரியில்லை" என்று நம்மிடம் வருவார்கள்.

நிறம் ரொம்ப முக்கியம். சிவப்பு வேண்டவே வேண்டாம். சாதாரண லேசர் ஸ்கேனரின் ஒளியே சிவப்புதான், அந்த வெளிச்சத்தில் சிவப்புக் கோடு வெள்ளைத் தாளோடு தாளாக மறைந்துபோகும். கருப்பில் அடியுங்கள். மஞ்சள் தாளில் கருப்பு நன்றாகவே படிக்கும், கோவில் கமிட்டிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். பச்சைத் தாள், நீலத் தாள் வேண்டாம்.

லேபிள் ஒட்டுவதாக இருந்தால் தெர்மல் லேபிள் மலிவு, ஆனால் வெயிலும் சூடும் பட்டால் மங்கிவிடும். பதில் உறைக்குப் பரவாயில்லை, ஒன்றிரண்டு மாதத்தில் திரும்பிவிடும். கோப்பில் வருஷக்கணக்கில் இருக்க வேண்டியதற்கு ரிப்பன் போட்டு அடிக்கிற வகையே சரி.

#9 பனிநாட்டான் (சுவிஸ்)

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே இருக்கிறன். எங்கட ஊர்ச் சங்கத்தின் பொருளாளராக இருந்தபடியால் இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இங்கே நீங்கள் தேடுகிற கயிறு ஏற்கனவே வங்கி முறைக்குள்ளேயே இருக்கிறது. முந்தி செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டணச் சீட்டு இருந்தது. தொண்டு நிறுவனம் எது கடிதம் போட்டாலும் அதன் அடியில் அந்தச் சீட்டு ஒட்டியிருக்கும். 2020 ஜூன் 30இல் அதற்குப் பதிலாகக் க்யூஆர் சீட்டு வந்தது, 2022 செப்டம்பர் கடைசியோடு பழைய சீட்டுகளை நிறுத்திவிட்டார்கள். நடுவில் சுவிஸ் சிலுவை போட்ட க்யூஆர் கோடு. அதற்குள் கணக்கு எண், பெறுபவரின் பெயர் முகவரி, 27 இலக்க மேற்கோள் எண் எல்லாம் இருக்கும். நன்கொடை என்றால் தொகையை வெறுமையாக விடலாம், கொடுக்கிறவர் தான் விரும்பியதைப் போடுவார்.

விஷயம் அந்த 27 இலக்கத்தில்தான். அதற்குள் கொடையாளர் எண்ணையும் எந்தக் கடிதத்துக்கான பணம் என்பதையும் நாங்களே வைக்கலாம், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. அவர் கைபேசியில் படம் பிடித்துக் கட்டினாலும் சரி, தபாலகத்துக்குப் போய்க் கட்டினாலும் சரி, வங்கி எங்களுக்கு அனுப்பும் கோப்பில் அந்த எண் அப்படியே வரும். காகிதம் திரும்பி வரத் தேவையில்லை. பற்றுச்சீட்டு அடுத்த நாளே ஆயத்தம்.

உங்கட யுபிஐயில் இப்படி ஏதும் இல்லையா?

#10 நிரலன் (கோவை)

இருக்கிறது அண்ணா, ஆனால் பாதி.

யுபிஐ க்யூஆர் என்பது உள்ளே ஒரு இணைப்பு முகவரிதான். பெறுபவரின் யுபிஐ முகவரி, பெயர், தொகை, ஒரு குறிப்பு, ஒரு பரிவர்த்தனை மேற்கோள் எண் எல்லாவற்றையும் அதில் வைக்க முடியும். ஆனால் அந்த மேற்கோள் எண் உங்கள் அறிக்கைக்கு ஒழுங்காக வந்து சேர, அறக்கட்டளையின் கணக்கு வணிகர் வகையில் பதிவாகியிருக்க வேண்டும். தொண்டு நிறுவனங்களுக்கென்றே 8398 என்று ஒரு வகை எண் இருக்கிறது. செயலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்குகிற டிரஸ்ட்டுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே மேற்கோளும் வராது, ஆடிட்டரும் விடமாட்டார்.

ஆக ஆளுக்கு ஒரு க்யூஆர் அச்சடிக்கலாம். தொகையைக் காலியாக விட்டு, மேற்கோளில் கொடையாளர் எண்ணை வைத்து. அதற்கு முன்னால் வங்கியிடம் கேளுங்கள்: "அச்சடித்த க்யூஆரில் நாங்கள் வைக்கும் மேற்கோள் எண் எங்கள் தினசரி அறிக்கையில் வருமா? ஒரே எண்ணில் இரண்டாம் தடவை பணம் வந்தால் ஏற்குமா?" ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு பதில் சொல்லும், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நெஃப்டுக்கு விர்ச்சுவல் கணக்கு எண் என்று ஒரு சேவை வங்கிகளில் உண்டு. முன்னொட்டு வங்கியுடையது, பின்னால் வரும் இலக்கங்கள் நம்முடைய கொடையாளர் எண். ஆளுக்கு ஒரு கணக்கு எண் மாதிரி தெரியும், பணம் எல்லாம் ஒரே கணக்கில் விழும். பனிநாட்டான் அண்ணா சொன்ன 27 இலக்கத்தின் வேலையை இது செய்துவிடும்.

#11 ஆடிட்டர் ஆபீஸ் (சென்னை)

சுவிஸ் என்றதும் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள், தமிழராகவே இருந்தாலும், அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். பணம் முதலில் புது தில்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். க்யூஆர் படத்தை வாட்ஸாப்பில் சுற்றவிட்டு, யார் எங்கிருந்து போட்டார்கள் என்று பிறகு தேடாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டோடு வெளியே வேலை பார்க்கிறவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியே அனுப்புவது வேறு, அது இதில் வராது.

இன்னொரு விஷயம், பான் எண்ணைக் க்யூஆருக்குள் வைக்கலாமா என்று இன்னொரு டிரஸ்ட்டில் கேட்டார்கள். வேண்டாம். க்யூஆரை யார் கைபேசியும் படிக்கும், தபால்காரர் கையில் இருக்கும்போதே படிக்கலாம். பெயர், பான், போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. வெளியாருக்கு அர்த்தமில்லாத ஒரு எண் போதும். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதில் அலட்சியமாக இருக்க முடியாது.

#12 லெஸ்டர்வாசி (இங்கிலாந்து)

இந்த இழை எனக்காகவே எழுதியது போல இருக்கிறது. வாரக் கடைசியில் ஒரு தொண்டு நிறுவனக் கடையில் உதவிக்குப் போகிறேன், பழைய துணி, புத்தகம், பாத்திரம் விற்கிற கடை. அங்கே பார்கோடுதான் காசு.

இங்கே கிஃப்ட் எய்ட் என்று ஒரு ஏற்பாடு, 1990இலிருந்து இருக்கிறது. வரி கட்டுகிறவர் 1 பவுண்டு கொடுத்தால் அரசாங்கம் தொண்டு நிறுவனத்துக்கு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். அது பணத்துக்குத்தான், பழைய சட்டைக்குக் கிடையாது. அதனால் கடைகள் ஒரு வழி கண்டுபிடித்தன. சட்டையைக் கொண்டுவருகிறவர் அதைத் தானமாகத் தருவதில்லை. அவர் சார்பில் நாங்கள் விற்றுத் தருகிறோம், விற்ற பணத்தை அவர் தானமாக விடுகிறார். சட்டப்படி அது பணத் தானம்.

இதற்கு எந்தச் சட்டை யாருடையது, எவ்வளவுக்குப் போனது என்று கடைசிவரை தெரிய வேண்டும். அங்கேதான் கோடு. பதிவு செய்துகொண்டவருக்கு ஒரு ஸ்டிக்கர் தாள் கொடுப்போம், எல்லாவற்றிலும் அவருடைய எண். பையில் ஒன்றை ஒட்டிக் கொண்டுவருவார். ஆக்ஸ்ஃபாம் கடைகளில் இதற்கு டேக் யுவர் பேக் என்று பெயர். 4 பவுண்டுக்குச் சட்டை விற்றால் கல்லாவில் கோட்டைத் தட்டியதும் அவர் பெயரில் 4 பவுண்டு ஏறும், மேலே 1 பவுண்டு அரசாங்கத்திடம் கேட்கலாம்.

நடப்பில் கோடு எங்கே அறுந்துபோகிறது தெரியுமா? ஸ்கேனரிலும் இல்லை, கணினியிலும் இல்லை. பின்கட்டில் பையைக் கொட்டிப் பிரிக்கிற மேஜையில். பையைக் கிழித்து, ஸ்டிக்கரோடு குப்பையில் போட்டுவிட்டு, துணிகளை மற்ற குவியலோடு கலந்துவிட்டால் போச்சு. அதனால் எங்கள் மேனேஜர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்: ஒரு நேரத்தில் ஒரு பைதான் மேஜையில் இருக்கலாம், கடைசித் துணிக்கும் அட்டை மாட்டிய பிறகுதான் பையைத் தூக்கி எறியலாம். புதிதாக வருகிற தன்னார்வலர்களுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

திருச்சி அக்கா, உங்கள் அலுவலகத்தில் உறையைப் பிரிக்கிற மேஜைக்கும் இது பொருந்தும். எல்லா உறையையும் வரிசையாகக் கிழித்து, செக்கெல்லாம் ஒரு பக்கம், உறையெல்லாம் ஒரு பக்கம் என்று குவித்துவிட்டால் உறையில் அடித்த கோடு வீண்.

#13 மலைக்கோட்டைவாசி (திருச்சி)

அப்படியேதான் செய்கிறோம். பியூன் எல்லா உறையையும் கத்தியால் பிரித்து, செக்குகளைக் கிளிப் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டு உறைகளைக் கட்டிப் பழைய பேப்பர்காரருக்காக எடுத்துவைப்பார்!

#14 பழைய தொண்டர் (மதுரை)

பிரிக்கும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும் அம்மா. ஒருவர் பிரிக்க, ஒருவர் எழுத. இது பார்கோடுக்கு முந்தைய காலத்து விதி, பணம் தொடுகிற எந்த இடத்துக்கும் பொருந்தும்.

#15 நிரலன் (கோவை)

சரி, அப்போது வேலை வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒருவர் உறையைப் பிரிக்கிறார், இன்னொருவர் உறையின் பின்பக்கக் கோட்டைத் தட்டுகிறார், திரையில் பெயர் வருகிறது. செக்கில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுத் தொகையையும் செக் எண்ணையும் தட்டச்சு செய்கிறார். அதன் பிறகே அடுத்த உறை. செக்கின் பின்புறம் கொடையாளர் எண்ணைப் பென்சிலில் எழுதுங்கள்.

கோடு படிக்காமல் போகிற உறை நிச்சயம் வரும். மழையில் நனைந்தது, பேனா கீறியது. அதனால் கோட்டின் கீழே எண்ணையும் மனிதர் படிக்கிற மாதிரி அச்சடிக்க வேண்டும். அந்த எண்ணுக்கு ஒரு சரிபார்ப்பு இலக்கமும் வேண்டும். கோட் 128க்கு உள்ளேயே சரிபார்ப்பு இருக்கிறதே என்பார்கள். அது ஸ்கேனர் தப்பாகப் படிக்காமல் பார்க்கும், நீங்கள் கையால் தப்பாகத் தட்டினால் அதற்குத் தெரியாது.

தபால் துறையின் 13 எழுத்துப் பார்சல் எண்ணில் இருக்கிற முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு இலக்கத்தை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழித்தால் வருவது சரிபார்ப்பு இலக்கம். 10 வந்தால் 0, 11 வந்தால் 5. கொடையாளர் எண் 00010426 என்றால் கூட்டுத்தொகை 82, மீதி 5, சரிபார்ப்பு இலக்கம் 6. யாராவது கடைசி இரண்டை மாற்றி 00010462 என்று தட்டினால் வர வேண்டியது 9. ஆறு என்று இருந்தால் எக்செல் கட்டம் சிவப்பாகிவிடும், வேறொருவருக்கு ரசீது போகாது. எட்டும் ஒன்றும் ஒன்பது, இரட்டைப்படைக்காகக் கடைசியில் ஒரு இலக்கம் கூட்டி, ஜூன் கடிதத்துக்கு 1, தீபாவளிக் கடிதத்துக்கு 2 என்று வையுங்கள். எந்தக் கடிதத்துக்குப் பணம் வந்தது என்றும் தெரிந்துவிடும். ஒரு குறை மட்டும், அந்தக் கடைசி இலக்கத்தைச் சரிபார்ப்பு இலக்கம் காக்காது.

ஸ்கேனர் இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். கொஞ்சம் கூடப் போட்டு 2டி வகையாக வாங்குங்கள். அதுதான் க்யூஆரையும் கைபேசித் திரையையும் படிக்கும்.

#16 மலைக்கோட்டைவாசி (திருச்சி)

ரசீது புக் பற்றி யாரும் சொல்லவில்லையே? ரொக்கத் தொகை சிறிதுதான், ஆனால் கமிட்டியில் சண்டை வருவது அதில்தான். தொண்டர்கள் புக் வாங்கிப் போவார்கள், சிலது திரும்பி வரவே வராது.

#17 பழைய தொண்டர் (மதுரை)

இதில் மட்டும் நான் உங்கள் கோட்டுக்கு ஓட்டுப் போடுகிறேன். ஒவ்வொரு ரசீதிலும் கோடு தேவையில்லை, வீண் செலவு. புக் அட்டையில் ஒரு கோடு, தொண்டர் அடையாள அட்டையில் ஒரு கோடு. நூலகத்தில் புத்தகம் எடுக்கிற மாதிரி இரண்டையும் தட்டிவிட்டுக் கொடுங்கள், திரும்பி வந்ததும் தட்டி வாங்குங்கள். அடிக்கட்டைகளை எண்ணி, எழுதிய தொகையைக் கூட்டி, ரொக்கத்தோடு சேர்கிறதா என்று அங்கேயே பார்க்க வேண்டும். எழுதாத ரசீதும் முழுதாகத் திரும்ப வர வேண்டும், கெட்டுப்போனால் குறுக்கே கோடிட்டு அடிக்கட்டையோடு வைக்க வேண்டும்.

தொலைந்த புக்கின் எண் வரிசையை அந்த ஊர்க் கொடையாளர்களுக்குச் சொல்லிவிடுங்கள். மூடி மறைத்தால் பிறகு அந்த ரசீதில் யாரோ வசூல் செய்துகொண்டிருப்பார்கள், கெட்ட பெயர் நமக்கு.

#18 ஆடிட்டர் ஆபீஸ் (சென்னை)

ரொக்கத்தில் 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடையாளருக்கு 80ஜி கழிவு கிடையாது என்பதை ரசீதிலேயே அச்சடித்துவிடுங்கள். மார்ச் 31 சாயங்காலம் பத்தாயிரம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ஜூலையில் வந்து சண்டை போடுவார்கள். புதிய வரி முறையில் இருக்கிறவர்களுக்கு 80ஜி கழிவே கிடையாது, அதனால் சிலர் பான் தர மறுக்கிறார்கள். அவர்கள் கழிவு கேட்காவிட்டாலும் நம் 10பிடியில் அவர்கள் பெயர் இருக்கத்தான் வேண்டும்.

உறைக் கோட்டில் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. கோடு சொல்வது கடிதம் யாருக்குப் போனது என்று. பணம் யாருடையது என்று அது சொல்லாது. கடிதம் அப்பா பெயருக்குப் போகும், அவர் மகளிடம் கொடுப்பார், மகள் தன் கணக்கிலிருந்து செக் எழுதி அதே உறையில் அனுப்புவார். கோட்டைத் தட்டினால் அப்பா பெயரும் அப்பா பானும் வரும். அப்படியே ரசீது போட்டால் 10பிடியில் தப்பான ஆள். க்யூஆரிலும் இதே கதைதான், அம்மாவுக்கு வந்த கடிதத்தைப் பையன் தன் போனில் அடித்துவிடுவான். இந்த மாதிரி வருவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

#19 பனிநாட்டான் (சுவிஸ்)

உண்மை. இங்கேயும் மனிசனுக்கு வந்த சீட்டை மனிசி தன் கணக்கிலிருந்து கட்டுவார். அதனால் நாங்கள் மேற்கோள் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. வங்கிக் கோப்பில் பணம் அனுப்பியவரின் பெயரும் வரும், இரண்டும் பொருந்தாவிட்டால் அந்த வரி தனியாக ஒதுங்கும். அதை மட்டும் ஆள் பார்ப்பார்.

#20 லேபிள் கடை (சிவகாசி)

அப்போது திரையில் பெயர் வந்ததும் எண்டரைத் தட்டிக்கொண்டே போகாமல், செக்கில் உள்ள பெயரை ஒரு தடவை பார்க்கத்தான் வேண்டும். சூப்பர் மார்க்கெட் வேகம் இதில் வராது.

#21 மலைக்கோட்டைவாசி (திருச்சி)

எல்லோருக்கும் நன்றி. கமிட்டியில் பேசிவிட்டோம். தீபாவளிக் கடிதத்துக்கு இப்படிச் செய்யப்போகிறோம்.

கடிதத்தில் கோடு கிடையாது, மதுரை ஐயா சொன்ன மாதிரி கடிதம் கடிதமாகவே இருக்கும், செயலாளர் கையெழுத்தும் பேனாவில்தான். பதில் உறையின் பின்பக்கம் கருப்பில் கோட் 128, கீழே எண். உறைக்குள் ஒரு சிறு துண்டுச் சீட்டு, அதில் க்யூஆர். வங்கி மேனேஜரிடம் மேற்கோள் எண் பற்றிக் கேட்டோம், எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது வரும்வரை க்யூஆர் எல்லோருக்கும் ஒன்றுதான், அந்தத் துண்டுச் சீட்டில் கொடையாளர் எண்ணை அச்சடித்து "குறிப்பில் இந்த எண்ணைப் போடுங்கள்" என்று கேட்போம். எத்தனை பேர் போடுவார்கள் என்று பார்ப்போம்.

ஆடிட்டர் சாரின் உறுத்தலுக்காகப் பதில் உறையின் நாக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: "பணம் வேறொருவர் கணக்கிலிருந்து என்றால் அவர் பெயர், பான்". பான் நாக்கின் உள்பக்கம் வருகிற மாதிரி, ஒட்டினால் வெளியே தெரியாது. சிவகாசி அண்ணா, இது பசை இடத்தில் வராமல் போட முடியுமா? பசைக்கும் மடிப்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் கிடைக்கும்?

#22 லேபிள் கடை (சிவகாசி)

சாதாரண நீள உறையின் நாக்கில் கஷ்டம் அக்கா, இரண்டு வரி எழுத இடம் போதாது. நாக்கு பெரிதாக வருகிற மாதிரி உறை வெட்டும் அச்சு (டை) இருக்கிறது, விலை கொஞ்சம் கூடும். அதைவிட அந்த வரியைத் துண்டுச் சீட்டின் பின்பக்கம் போட்டுவிடுங்கள், செக்கோடு சேர்த்து உள்ளே வைக்கட்டும். முழுசாக அடிப்பதற்கு முன்னால் இருபது உறை மட்டும் லேபிள் ஒட்டித் தருகிறேன். வேறு வேறு ஊர்களிலிருந்து உங்களுக்கே தபாலில் போடச் சொல்லுங்கள், முத்திரையும் மசியும் பட்டு வந்த பிறகு ஸ்கேனர் எத்தனையைப் படிக்கிறது என்று பார்த்துவிட்டு மொத்த ஆர்டரைக் கொடுங்கள்.

#23 மலைக்கோட்டைவாசி (திருச்சி)

சரி அண்ணா, துண்டுச் சீட்டிலேயே போடுங்கள். இருபது உறையை அனுப்பிவையுங்கள், மதுரைக்கும் கோவைக்கும் சென்னைக்கும் ஐந்தைந்து போடுகிறேன், மீதி ஐந்தை இங்கிருந்தே போடுகிறேன். இழையில் இருக்கிற நீங்கள் மூவரும் அவற்றைத் திருப்பித் தபாலில் போட்டுவிட்டால் போதும். உள்ளே வெற்றுத்தாள்தான், செக் கேட்கவில்லை!